நடைமேடையில் இறக்கிவிடப்பட்டவன்

மாமனாரின் பழைய உளவு நாவலைப் புதுப்பித்துத் தரும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. பதிப்பகத்தில் கதைகளைத் திருத்திச் செப்பனிடுவது அவள்தான். "சர்வதேசக் கும்பல், ரயில்ல குண்டு, டெலிபோன் பூத்... இதையெல்லாம் இப்ப யாரும்மா படிப்பாங்க? செல்போன், ட்ரோன்னு மாத்திக் குடு, பாக்கலாம்" என்றார் முதலாளி. மாமனாரோ, "ஒரு எழுத்தை மாத்தினாலும் என் பேரை எடுத்துடு" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வீறாப்பெல்லாம் வெளியில்தான். அவருடைய மற்ற நாவல்கள் எதுவும் இன்று கடையில் கிடைப்பதில்லை. இதுவும் போய்விட்டால் தான் எழுதினதே இல்லாமல் போய்விடும் என்று மனிதர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

முதலாளி சொன்னபடியே மாற்றினாள். உளவாளி கையில் செல்போன் வந்ததுதான் தாமதம், இரண்டாவது அத்தியாயத்திலேயே எல்லோரையும் கூப்பிட்டுக் குண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். மீதிப் பக்கங்களில் அவனுக்குக் கொட்டாவி விடுவதைத் தவிர வேலையில்லை.

அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதையானாலும் அச்சுக்குப் போகும் முன்னால் பைண்டிங் அறையில் ஒரு அத்தியாயத்தை வாசித்துக் காட்ட வேண்டும். தாள் மடிக்கிறவர்களின் கை நின்றால் புத்தகம் வரும், நிற்காவிட்டால் வராது. பெரிய பெரிய விமர்சகர்களைவிட அந்தக் கைகளைத்தான் முதலாளி நம்பினார்.

அவள் வாசித்தாள். கைகள் பாட்டுக்கு மடித்துக்கொண்டே இருந்தன. "அதான் போன் இருக்கே, அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறான்?" என்று ஒருத்தி கேட்க, அறையே சிரித்தது. முதலாளி எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்." பையிலிருந்து பழுப்பேறிய மூலப் பிரதியை எடுத்தாள். ரயில் அத்தியாயத்தைப் பிரித்தாள்.

இருக்கைக்கு அடியில் ஆளில்லாத ஒரு பை. பயணிகளின் பார்வை, பாஷை தெரியாத ஓர் இளைஞன் மேல் திரும்புகிறது. அவன் கும்பலைச் சேர்ந்தவன் இல்லை என்பது உளவாளிக்குத் தெரியும். வாய் திறந்தால் தன் அடையாளம் வெளிப்பட்டுவிடும், அதனால் பேசாமல் இருக்கிறான். பெட்டியே கூடி அந்த இளைஞனை ஆளில்லாத நடைமேடையில் இறக்கிவிடுகிறது. மழை பெய்கிறது. ரயில் நகர்கிறது.

அவள் நிமிர்ந்தபோது தாளின் சரசரப்பு நின்றிருந்தது. மடிக்கிறவர்களில் மூத்தவளான அக்காவின் விரல்கள் பாதி மடிப்பில் இருந்தன.

"போன வருஷம் என் மகனையும் இப்படித்தான் இறக்கி விட்டாங்க. வேலைக்குப் போன ஊர்ல, பஸ்ஸுலேருந்து. கையில டிபன் பாக்ஸ்தான் வச்சிருந்தான்" என்றாள் அக்கா. பிறகு அவளே கேட்டாள், "அந்தப் பையன் வீடு போய்ச் சேந்தானா?"

மருமகள் பக்கங்களைப் புரட்டினாள். கடைசிவரை தேடினாள். குண்டு அகப்பட்டது, கும்பல் பிடிபட்டது, உளவாளிக்குப் பாராட்டு கிடைத்தது. அந்த இளைஞனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"தெரியலக்கா" என்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "பழசையே போடுங்க. டெலிபோன் பூத்தும் இருக்கட்டும்."

அவள் வெளியே வந்து மாமனாருக்குப் போன் செய்தாள். புத்தகம் வரப்போகிற செய்தியைச் சொன்னாள். அக்கா கேட்டதையும் சொன்னாள். கோபித்துக்கொள்வாரோ என்று நினைத்தாள்.

"இத்தனை வருஷத்துல யாரும் அவனைப் பத்திக் கேக்கலையேம்மா" என்றார் கிழவர். "வீடு போய்ச் சேந்துட்டான்னு அந்தம்மாகிட்ட சொல்லு. எப்படிப் போனான்னு நான் எழுதித் தர்றேன். அதுவரைக்கும் அச்சை நிறுத்தி வைக்கச் சொல்லு."