ஒரு நகவுளிக்கு இரண்டு சரிவுகள்

1

இந்தக் கதை என் நாற்காலி உடைந்ததால் பிறந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கனவிலும் ரயில் பயணத்திலும் கதை வருமாம். எனக்கு நாற்காலியோடு சேர்ந்து தரையில் விழுந்தபோது வந்தது. அதன் பின்னங்கால், கடைசலில் உருட்டி எடுத்து, கழுத்தில் கொடி செதுக்கிய அழகான கால், இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதே போல ஒரு கால் செய்துதரக் கேட்டு ஒரு பட்டறைக்குப் போனேன். நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கதை மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. இதை மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடை எங்காவது ஆடினால் பழியை ஸ்டூல்மேல் போடுங்கள்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கடைசல் இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது, வாழ்க்கையைப் போலவே,"

(வேண்டாம். எதை எழுதினாலும் 'வாழ்க்கையைப் போலவே' என்று ஒரு வால் ஒட்டும் நோய் எனக்கு உண்டு.)

"மரத்தூள் மணக்கும் அந்த அறையில் ஒரு மௌனம்"

(பச்சைப் பொய். அந்த அறையில் மௌனம் இருந்ததே இல்லை. ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் உளியைத் தட்டும் கொட்டாப்புளி, இரண்டுக்கும் மேலே புருஷன் பெண்டாட்டி சண்டை.)

"அவள் கையில் எடுத்தபோது உளி நேற்றைவிடக் குட்டையாக இருந்தது."

இது பரவாயில்லை என்று தோன்றியது. என் எழுத்தை முதலில் படிப்பவள் என் தங்கை. படித்துவிட்டுப் போன் செய்தாள்.

"அக்கா, உளி எப்படிக் குட்டையாகும்? மழையில நனைஞ்சு சுருங்கிடுச்சா?"

ஆக, விளக்கவேண்டியிருக்கிறது.

2

நீளமான ஒரே அறை. ஜன்னல் ஓரத்தில் கடைசல் இயந்திரம். அது மனைவியுடையது. அவளைக் கடைசல்காரி என்று வைத்துக்கொள்வோம். எதிர்ச் சுவரோரம் செதுக்கு மேசை. அது கணவருடையது. அவர் செதுக்குக்காரர். நடுவில், இரு நாடுகளுக்கு இடையே எல்லைச் சாவடி மாதிரி, மோட்டார் வைத்த சாணை. பக்கத்தில் சூடான உளியை முக்க ஒரு குவளைத் தண்ணீர். சுவர் முழுக்க உளிகள், அவளுக்கு ஒரு வரிசை, அவருக்கு ஒரு வரிசை.

இரண்டு வரிசையிலும் சேராத உளி ஒன்று உண்டு. நகவுளி. நுனி விரல்நகம் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அந்தக் குறிப்பிட்ட வளைவு நாற்காலிக் காலின் கழுத்துக்கும் பொருந்தும், கொடியின் இலைக்கும் பொருந்தும். அதனால் அது இருவருக்கும் பொது. வினையே அதுதான்.

உளியைச் சாணை பிடிக்கும்போது நுனியை ஒரு சரிவில் தேய்ப்பார்கள். அவளுக்குச் சரிவு நிமிர்ந்திருக்கவேண்டும். சுழன்று வரும் மரம் உளிமேல் மோதும், நுனி தடியாக இருந்தால்தான் தாங்கும், மெலிந்திருந்தால் மரம் கவ்வி இழுத்துவிடும். அவருக்கோ சரிவு படுத்திருக்கவேண்டும். நுனி மெல்லிசாக இருந்தால்தான் மரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் இலை செதுக்கப் போய் மரத்துக்குக் காயம்தான் மிஞ்சும். காலையில் அவள் நிமிர்த்துவாள். மதியம் அவர் படுக்க வைப்பார். மறுநாள் காலையில் மறுபடி அவள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகு பொறியாகப் பறந்துபோகும். உளி குட்டையாவது இப்படித்தான், தங்கையே.

யார் குட்டையாக்குவது என்பதில்தான் தகராறு.

"நுனியைத் தின்னுறது அவதான். நான் முதுகைத்தான் தேய்க்கறேன். கேட்டுக்கங்க, கதைக்காரம்மா."

"முதுகைத் தேய்ச்சுத் தேய்ச்சு நுனியைக் காகிதமா ஆக்கி வெச்சிருக்காரு. அந்தக் காகிதத்தை வெட்டி எறியாம நான் எப்படிங்க வேலை பாக்கறது? அதையும் அவருகிட்ட கேளுங்க."

அவர்கள் நேராகப் பேசிக்கொள்வதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது. நான் வந்ததும் இருவருக்கும் நிம்மதி. என் காது வழியாகச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.*

(* அடிக்குறிப்பு மாதிரி: "இன்னொரு உளி வாங்கவேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. நானும் கேட்டேன். ஆளுக்கொரு புதுத் துணை தேடிக்கொள்ளச் சொன்னதுபோல இருவரும் என்னை முறைத்தார்கள். சரி, ஆசிரியர் என்ற அதிகாரத்தைப் பயன்படுத்தலாமே என்று, ஒரு வரைவில் நானே புத்தம் புது நகவுளி ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தேன். அடுத்த பத்தியில் அதை வைத்துப் பெயின்ட் டப்பாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள்.)

3

இங்கே பணயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறது. அதன் சாவி கடைசல்காரியின் இயந்திரத்துக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது.

"இந்த உளி தீர்ற அன்னைக்கு மெஷினைத் தூக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிடுவேன். அங்க எனக்குன்னு சாணை, எனக்குன்னு உளி. சொல்லிடுங்க."

"போகட்டும். தூக்குறதுக்கு நான் வேணா ஒரு கை குடுக்கறேன். சொல்லிடுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. உளியையும் பார்த்தேன். வளைவு முடிந்து வெறும் தண்டு தொடங்கும் இடத்துக்கு நுனி கிட்டத்தட்ட வந்துவிட்டது. எனக்குப் பகீரென்றது. அவர்களுக்காகப் பாதி, நாற்காலிக்காகப் பாதி. காலை உருட்ட அவள் வேண்டும், கொடி செதுக்க அவர் வேண்டும். கழுத்தில் இருவருக்கும் அந்த உளிதான் வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குச் செதுக்குக்காரர்மேல் சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவரை முன்கோபியாக, மீசையை முறுக்குபவராக எழுதியிருந்தேன். (அவருக்கு மீசையே கிடையாது. நான் கொடுத்தேன்.) ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை சாணைப் பக்கத்துக் குவளையைக் கழுவித் தண்ணீர் நிரப்புவது. காலையில் சாணை பிடிப்பது அவள்தான். சண்டை உச்சத்தில் இருந்த அன்றும் குவளை நிரம்பியிருந்தது. எழுதியதை அடிக்க வேண்டியதாகப் போய்விட்டது. மூன்று பத்தி வில்லத்தனம், நல்ல பத்திகள், மீசையோடு போயின.

சரி, அவளை அடங்காப்பிடாரி ஆக்கலாம் என்று பார்த்தேன். அவளோ தன் வேலை முடிந்ததும் அந்த உளியின் நுனியில் ஒரு துணியைச் சுற்றி அவர் மேசையில் வைக்கிறாள். அவர் கண்ணாடி போடாமல் மேசையைத் துழாவுகிறவர்.

இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படிச் சண்டைக் கதை எழுதுவது?

4

முடிவுகளை முன்கூட்டியே தயார் செய்துவைப்பது என் வழக்கம்.

முடிவு அ: உளி தீர்கிறது. அவள் எதிர் அறைக்குப் போகிறாள். தெருவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம், நடுவில் மழை,

(தங்கை: "மழையை எடு. உடனே எடு.")

முடிவு ஆ: இருவரும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து, இரண்டுக்கும் நடுவான ஒரு சரிவை வைக்கிறார்கள். இன்பம்.

(தங்கை: "நடக்கிற காரியமா எழுதுக்கா.")

நடந்துவிட்டது. கால் என்ன ஆயிற்று என்று கேட்க மறுபடி பட்டறைக்குப் போனேன். கடைசல்காரி இயந்திரத்தில் மரத்துண்டைப் பொருத்தி நகவுளியை எடுத்தாள். நுனியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சரிவு படுத்தும் இல்லை, நிமிர்ந்தும் இல்லை. அதை அப்படித் தேய்த்து வைத்தவர் எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த வேறொரு உளியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சாணைக்குப் போகவில்லை. உளியை அப்படியே மரத்தில் வைத்தாள்.

"வெட்டுதான்னு கேளுங்க," என்றார் அவர், சுவரிடம்.

"வெட்டுதா?" என்றேன்.

"நல்லா வெட்டுதுன்னு சொல்லுங்க."

வெட்டவில்லை. மரம் உளியைக் கவ்விக் கவ்வி இழுத்தது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவுவதுபோல ஓட்டினாள். கழுத்து முழுக்கப் பிசிறு. மதியம் துணி சுற்றிய உளி அவர் மேசைக்குப் போனது. அவர் இலையில் வைத்து அழுத்தினார். உளி உள்ளே போகாமல் நசுக்கியது. நெற்றி வியர்த்தது.

"எப்படி இருக்குன்னு கேளுங்க," என்றாள் அவள்.

"வெண்ணெய் மாதிரி போகுதுன்னு சொல்லுங்க."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இத்தனை நாள் ஆளுக்கொரு உண்மையைச் சொல்லிச் சண்டை போட்டவர்கள், இப்போது ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்கிறார்கள். சிரிப்பை அடக்க வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். என் நாற்காலிக் காலின் கழுத்தில் இருந்த இலை, ஏதோ பூச்சி அரித்தது போலிருந்தது. அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

5

இங்கே முடித்திருக்கலாம். தங்கைக்கும் பிடித்திருந்தது. "இதான் முடிவு, இதுக்கு மேல கையை வைக்காத," என்றாள். ஆனால் உளி என்றால் மழுங்கும். கூரில்லாத சரிவில் இரண்டு பேரும் அழுத்தி அழுத்தி வேலை பார்த்ததில் அது சீக்கிரமே மழுங்கிவிட்டது. நான் அடுத்த முறை போனபோது நுனியில் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னியது. மழுங்கிய உளிதான் அப்படி மின்னுமாம்.

வளைவில் மிச்சம் இருப்பது ஒரு தடவைக்கு மட்டும். இப்போது எந்தச் சரிவு வைத்தாலும் அதுதான் கடைசி. நிமிர்த்தினால் அவளுடையது. படுக்க வைத்தால் அவருடையது. நடுவில் வைத்தால், கை ஓய்ந்துபோகும்வரை இருவரும் பொய் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கவேண்டும். சாவி ஆணியில்தான் இருக்கிறது.

(ஆசிரியராக நான் எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். மின்சாரத்தை நிறுத்தினேன், வந்துவிட்டது. தங்கையைக் கதைக்குள் அனுப்பிப் பஞ்சாயத்து பேசச் சொன்னேன். "அக்கா, எனக்கு வேற வேலை இருக்கு," என்றாள்.)

அவர் குவளையில் தண்ணீர் நிரப்பி வைத்தார். கடைசல்காரி சாணையை ஓடவிட்டாள். உளியைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கல்லில் படுவதற்கு முன்னால் கை நின்றது.

நான் நிமிர்ந்து நின்றேன். என்னிடம் எதையோ சொல்லி அனுப்பப்போகிறாள் என்று நினைத்தேன். காதைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். "எப்படி வெக்கட்டும்?"

அந்தச் சாணை எத்தனையோ பொறியைப் பார்த்திருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. அவர் தீட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மேசையை விட்டு எழுந்து, அறையின் நடுவுக்கு வந்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று உளியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொன்னார்.

நான் கதவோரம், மூன்று கால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாணை ஓடும் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் விழவில்லை. அவள் சிரித்ததுபோலத் தெரிந்தது, அதுவும் உறுதியில்லை. நீங்கள் என்னைவிடக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டிருக்கும்.