யூதாசின் பெண்டாட்டி

சாமியாரைக் கூட்டிவரச் சைக்கிளை எடுக்கட்டுமா என்று சூசைராஜ் வாசற்படியில் நின்று மறுபடியும் கேட்டான். ஜெபமாலையம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டால் மூடிக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினாள்.

“இப்பக் கொஞ்சம் தெளிவா இருக்காக தம்பி. எண்ணெயோட சாமியாரப் பாத்தா இருக்குற உசுரும் போயிரும். பொழுது சாயட்டும், பாப்பம்.”

கொழுந்தன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் எல்லா வீட்டிலும் சொல்லுகிற சமாதானம்தான் அது. சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதலுக்கென்று சாமியார் படியேறிவிட்டால் நோயாளி மனசு விட்டுவிடுவான் என்று கடைசி மூச்சுவரை இழுத்தடிப்பார்கள். சாமியாரும் பிரசங்கத்தில் திட்டித் திட்டி ஓய்ந்து போயிருந்தார். அதனால் ஜெபமாலையம்மாள் சொன்னதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன் தைரியநாதன் கால் வீங்கி, மூச்சிரைக்கக் கிடந்தார். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஆனால் வாத்தியார் வேலையால் அவருக்குப் பெயர் வரவில்லை, பாஸ்கா நாடகத்தால் வந்தது. ஏசு பாடுபட்டதைப் பெரிய வெள்ளிக்கு ஆடுகிற பழைய பாஸ்காவில், அவரைக் காட்டிக்கொடுக்கிற யூதாசு ஒரு கோமாளி. வருவான், முத்தம் கொடுப்பான், நாலு வரி புலம்பிவிட்டு நாண்டுகொள்வான். சனங்கள் வேர்க்கடலைத் தோலை விட்டெறிந்து சிரிப்பார்கள். ஐம்பத்தொன்றாம் வருஷம் தைரியநாதன் அதைத் திருத்தி எழுதினார். யூதாசுக்கு ஒரு வீடு கொடுத்தார், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு தாயைக் கொடுத்தார், ஒரு பெண்டாட்டியையும் கொடுத்தார். அந்த வருஷம் கடலைத் தோல் பறக்கவில்லை. மனுஷனுக்குள் இருக்கிற இருட்டை இப்படி எழுத ஆளில்லை என்று சாமியாரே மேடையேறி மாலை போட்டார்.

அந்தப் பெண்டாட்டி வேஷக்காரன் மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்று சொன்னான்: “கிழவியின் மூச்சு எப்போது நிற்குமென்று நாள்தோறும் செவிவைத்துக் கேட்டே எழுகிறேன், நாதா.”

பாயில் உட்கார்ந்திருந்த ஜெபமாலையம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அது அவளுடைய பேச்சு. மூன்று வருஷமாக மாமியாருக்கு மலம் மூத்திரம் அள்ளிக்கொண்டிருந்தவள், ஒரு விடிகாலையில் தாங்கமாட்டாமல் புருஷன் காதில் மட்டும் சொன்னது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல வாய் வராததை அவரிடம் சொல்லி அழுதாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். தடவிக்கொண்டே மனப்பாடம் செய்திருக்கிறார்.

மாமியார் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை அப்போது. பெண்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை; திரும்பிப் பார்க்காமல் இருந்ததிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நாத்தனார் வேளாங்கண்ணி அன்றிலிருந்து அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, நானாக யோசித்தால் அவ்வளவு உயிரோடு வராது ஜெபமாலை என்று பாராட்டுப் போலச் சொன்னார் புருஷன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அவள் அந்தப் பாயில் போய் உட்காரத்தான் வேண்டியிருந்தது. போகாவிட்டால் அது அவள்தான் என்று ஊர் உறுதி செய்துகொள்ளும்.

கட்டிலில் அவர் கண்ணைத் திறந்தார்.

“சாமியாரு?”

“ஆள் போயிருக்குங்க. சூசை போயிருக்கு.”

நாக்குக் கூசாமல் வந்தது பொய். அவர் பயப்படவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. இவ்வளவு காலமும் அடுத்தவர் பயத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவர், ஒரு தடவை தானும் பயந்து, சாமியார் எங்கே சாமியார் எங்கே என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சட்டும். எண்ணெய் இல்லாமலே போகட்டும் என்றுகூட நினைத்தாள். நினைத்ததை உடனே அழிக்கவும் இல்லை.

கொல்லையில் சூசைராஜ் மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. வைக்கோலை உதறி இருமினான். இந்தப் பக்கத்தில் அந்த இருமல் வேறு யாருக்கும் கிடையாது. தைரியநாதனின் காதுக்கு அது தப்புமா? மெல்லக் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். கோபமில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எழுத உட்காரும்போது நல்லதாக ஒன்று அகப்பட்டால் வருமே, அதே பார்வை. உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னார்:

“இப்பிடி ஒண்ணை நான் எழுதலையே, ஜெபமாலை.”

சாகிற நேரத்திலும் இந்த மனுஷன் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பயப்படக்கூட நேரமில்லை அவருக்கு. ஆனால் அடுத்த மூச்சில் இன்னொன்றும் உறைத்தது. இத்தனை வருஷம் அவர் மேடையில் நிறுத்தியவள் வேறு யாரோ என்று அவள் நெஞ்சுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்தப் பெண்டாட்டியாகவே அவள் வந்து நின்றுவிட்டாள்.

கொல்லைக்கு ஓடினாள். “தம்பி, சைக்கிளை எடுங்க. நிக்காதீங்க, போங்க.”

சாமியார் அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய தவசுகாலம், பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம். அவள் திரும்பிவந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் காது வைத்துக் கேட்டாள். இன்னொன்று வரட்டும், இன்னொன்று வரட்டும் என்று கேட்டாள். அப்புறம் வரவில்லை.

சத்தம் போட்டு அழ வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அழுதால் தெருவே கூடிவிடும். எப்போது போனார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆறிப்போன உடம்புக்கு எண்ணெய் பூசமாட்டார்கள் என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய்க் கதவை ஒருச்சாய்த்தாள். வாசலுக்கு விசாரிக்க வந்த வேளாங்கண்ணியிடம், இப்போதுதான் கண் அசந்தார், எழுப்பவேண்டாம் என்றாள். நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். ஜெபமாலையம்மாள் உள்ளே வந்து போர்வைக்குள் கைவிட்டு அவர் பாதங்களைத் தேய்த்தாள். சூடு போகாமல் இருக்கட்டும் என்று உள்ளங்கை எரிய எரியத் தேய்த்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து போர்வையில் சொட்டியது. தொண்டையிலிருந்து மட்டும் ஒன்றையும் விடவில்லை.

சைக்கிள்கள் வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாமியார் குனிந்து உள்ளே வந்தார், மூக்கருகே கைவைத்துப் பார்த்தார்.

“எப்பப் போச்சு அம்மா?”

“இப்பத்தான் சாமி. நீங்க வாசல்ல எறங்கயிலதான்.”

சாமியார் நெற்றியைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். வயதானவர், எத்தனையோ வீட்டுக் கட்டிலைப் பார்த்தவர். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் சின்ன வெள்ளிச் சிமிழைத் திறந்து, ஆத்துமம் இன்னும் இருக்குமானால் என்று இலத்தீனில் முனகித் தொடங்கினார். கண்ணுக்குப் பூசினார். கண்ணால் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அது. காதுக்கு வந்தபோது தலையைக் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். கைக்கு வந்தபோது மடங்கியிருந்த விரல்களை அவள்தான் பிரித்துக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்ததும் எண்ணெய் துடைத்த பஞ்சை ஒரு தாளில் பொதிந்து அவளிடம் கொடுத்து, வெளியே போடக்கூடாது, அடுப்பில் போட்டுவிடு என்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு எப்போது வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. வாசலில் வேளாங்கண்ணியின் குரல் ஓங்கி எழுந்தது, தெரு கூடத் தொடங்கியது.

ஜெபமாலையம்மாள் அடுப்படிக்குப் போய்ப் பொதியைப் பிரித்தாள். சின்னச் சின்னப் பஞ்சுருண்டைகள். அன்றைக்கு அவள் சொல்லி அழுத காதைத் துடைத்தது எது என்று தேடினாள். எல்லாம் ஒன்றுபோல மஞ்சளாக இருந்தன. ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டு, கடைசி உருண்டை கருகி முடிகிறவரைக்கும் நின்றாள். அப்புறம் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு அழுவதற்கு வெளியே போனாள்.