போறேன் என்று சொல்லாத வீடு

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பிரியாணிக் கடை மாடியில் போர்ச்சுகீசியம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் திண்டிவனத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. முதல் நாள் படியேறும்போது ஜெசிந்தாவுக்கே நம்பிக்கையில்லை. வாசல் போர்டில் 'ஜெர்மன்' என்றிருந்ததை வெள்ளை பெயின்டால் அழித்து, அதன் மேலேயே போர்ச்சுகீசியம் என்று எழுதியிருந்தார்கள். வெயில் நன்றாக அடித்தால் உள்ளேயிருந்து ஜெர்மன் எட்டிப் பார்த்தது.

டீச்சர் வெண்ணிலா, திருவாமாத்தூர்க்காரி. ஜெசிந்தாவைவிட வயதில் சின்னவள். இன்டர்நெட்டில் ஒரு பிரேசில்காரரிடம் பாடம் கேட்டு, கேட்ட சூட்டோடு வகுப்பில் நடத்துவாள். வகுப்பைவிட சரியாக ஒரு பாடம் முன்னால் இருந்தாள். யாராவது அதைத் தாண்டி சந்தேகம் கேட்டால், "அது நாளைக்கு" என்பாள். அந்த நாளை அவளுக்கும் சேர்த்துத்தான்.

ஜெசிந்தாவுக்கு அப்படி நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப்போட நேரமில்லை. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜெர்மன் பரீட்சையில் இரண்டு தடவை கவிழ்ந்தாகிவிட்டது. இப்போது போர்ச்சுகலின் வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை இருக்கிறது, நேர்முகம் அந்த ஊர் மொழியில்தான் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா சவுரியம்மாள் ஈஸ்டர் வரை கெடு கொடுத்திருந்தாள். அதற்குள் வேலை வந்தால் போர்ச்சுகல், வராவிட்டால் செய்யாறு. செய்யாறு என்றால் அங்கே டைல்ஸ் கடை வைத்திருக்கும் சகாயராஜ். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தினமும் காலையில் ஒரு புது டைல்ஸின் மேல் 'குட் மார்னிங்' என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பாத்ரூம் டைல்ஸ் வந்த அன்று ஜெசிந்தா சாப்பிடவே இல்லை.

பழைய பழக்கங்களைச் சொல்லும் பாடம் வந்தபோது வகுப்பு களைகட்டியது. முன்பெல்லாம் இப்படிச் செய்வேன், அப்படி இருப்பேன் என்று பேச நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கரும்பை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, போர்ச்சுகலில் ஸ்ட்ராபெரி பறிக்கும் வேலைக்காகப் படிக்க வந்த சீனுவாசன் முதலில் எழுந்தார். "எங்க எருமை வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும்" என்றார். கறந்ததா, இனிமேல் கறக்கப்போகிறதா என்று வெண்ணிலா கேட்டாள். எருமை செத்துப்போய் ரொம்ப காலமாகிறது என்றார் அவர். "அப்ப பழைய பழக்கம்ங்க. கடைசில வா போட்டு முடிங்க." அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'வா' வந்தது. த்ரபல்யாவா, வேலை செய்வேன். ஷெகாவா, வந்து சேருவேன். ஜெசிந்தாவுக்கு அந்தப் பாடம் நாக்கில் வெல்லம் போல ஒட்டிக்கொண்டது.

அடுத்தது இனிமேல் செய்யப்போவதைச் சொல்லும் பாடம். அது இன்னும் சுலபம். 'வோ' என்றால் போறேன். வோ த்ரபல்யார், வேலை செய்யப் போறேன். அச்சு அசலாக நம்ம தமிழ் மாதிரியே இருக்கிறது என்று வெண்ணிலாவே குதித்தாள். வம்பு வந்தது வீட்டில்தான்.

ஜெசிந்தா வீட்டில் 'போறேன்' என்று யாரும் மொட்டையாகச் சொல்லக் கூடாது. பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போயிட்டு வர்றேன்'தான். தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இது வழக்கம். சவுரியம்மாள் வீட்டில் சட்டம். காரணம் அண்ணன் தேவசகாயம். ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் ஏதோ வாக்குவாதம் முற்றி, "நான் போறேன்" என்று கையைக்கூடக் கழுவாமல் கிளம்பியவன், புதுச்சேரியில் வேலை தேடி, பெண்ணும் தேடி, அங்கேயே தங்கிவிட்டான். வாய்ச்சொல் பலித்துவிட்டது என்று சவுரியம்மாள் இன்றும் மார்பில் அடித்துக்கொள்வாள். புதுச்சேரி ஒரு மணி நேர பஸ் பயணம் என்பதும், போன அதே அண்ணன் ஞாயிறு தவறாமல் கறிக்குழம்புக்கு வந்து, மிச்சத்தை டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறான் என்பதும் அவள் கணக்கில் வராது.

அப்படிப்பட்ட வீட்டில், விளக்கு வைக்கிற நேரத்தில், அப்பா போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து, ஜெசிந்தா 'வோ, வோ' என்று உருப்போட்டாள். சவுரியம்மாள் அர்த்தம் கேட்டாள். ஜெசிந்தா யோசிக்காமல் சொல்லித் தொலைத்தாள்.

"வூட்டுக்குள்ள குந்திக்கினு போறேன் போறேன்னு சொல்லிக்கினு கீறியா? வர்றேன்னு ஒரு வார்த்த அந்த ஊருல கெடையாதா?"

மறுநாள் அந்தக் கேள்வி விழுப்புரத்துக்கு பஸ் ஏறியது. வெண்ணிலா "அது நாளைக்கு" என்று சொல்லி, ராத்திரி கற்றுக்கொண்டு வந்தாள். வோல்து, திரும்பி வருகிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவளும் போறேன் என்று சொல்லாத வீட்டில் பிறந்தவள்தானே? 'மொட்டையா வோ சொல்லாதீங்க, நல்லா இருக்காது, வோ இ வோல்துன்னு முடிங்க' என்று வகுப்புக்கே சொல்லிவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வருவதற்கு அதில் என்ன இருக்கிறது? சமைக்கப் போய் வருகிறேன், தூங்கப் போய் வருகிறேன் என்று மாடியே ஒப்பித்தது. ஸ்ட்ராபெரி பறிக்கப் போய் வருகிறேன் என்று சீனுவாசன் ராகம் போட்டுச் சொன்னார். வீட்டில் ஜெசிந்தா உருப்போட்டதைக் கேட்டுக் கேட்டு சவுரியம்மாளுக்கே வோல்து மனப்பாடமாகிவிட்டது.

நேர்முகம் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் உடை மாற்றும் அறையில், போன் வீடியோவில் நடந்தது. எதிரே முதியோர் இல்லத்தின் தலைவி டோனா லூர்தெஸ், வெள்ளை முடியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக. இதுவரை என்ன வேலை பார்த்தாய் என்று அவள் கேட்க, ஜெசிந்தா வாவாவாகக் கொட்டினாள். குளிப்பாட்டுவேன், மருந்து கொடுப்பேன், தூக்கம் வராத பெரியவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. சரி, இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். வேலை செய்யப் போய் வருகிறேன் என்றாள் ஜெசிந்தா. பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போய் வருகிறேன். இன்னும் நன்றாக மொழி கற்கப் போய் வருகிறேன். ஒவ்வொரு வோல்துவுக்கும் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து ஜெசிந்தா இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

இரண்டு நாளில் மெயில் வந்தது. நீ நல்ல பெண்ணாகத் தெரிகிறாய், ஆனால் எதைக் கேட்டாலும் உடனே திரும்பிவிடுவேன் என்கிறாய். முன்பு வந்த பெண்கள் சில மாதத்திலேயே கிளம்பிவிட்டார்கள், எங்கள் பெரியவர்கள் இன்னும் அவர்களைக் கேட்டு அழுகிறார்கள். தங்குகிற ஆள்தான் எனக்கு வேண்டும். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை பேசுவோம். இப்படி எழுதியிருந்தது.

வெண்ணிலாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிரேசில்காரரைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, வோ இ வோல்து என்பது எதிர்க் கடையில் வெங்காயம் வாங்கப் போகிறவன் சொல்வது, நாட்டைவிட்டுப் போகிறவன் சொல்வதில்லை என்றார். எல்லோரும் வோல்துவை மறந்துவிடுங்கள் என்று வகுப்பில் கெஞ்சினாள். சீனுவாசன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தான் சொல்லிவிட்டுத்தான் போவாராம், வேண்டுமானால் அந்த ஊர்க்காரன் திருத்திக்கொள்ளட்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் முன்னறையில்தான் சிக்னல் கிடைத்தது. அங்கேதான் தேவசகாயம் கறிக்குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தான். பேசப்போகிற அம்மாளுக்கு லூர்து மாதா பேர் என்று தெரிந்ததிலிருந்து சவுரியம்மாளுக்கு மரியாதை கூடிவிட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவையும் சொதப்பினால் செய்யாறுதான்.

"வோ த்ரபல்யார்" என்று சொல்லி, பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டாள். மல்லாட்டை உரிக்கிற சத்தம் நின்றது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். அம்மா தொடையில் கிள்ளினாள். உங்கள் ஊரில் வாழப் போகிறேன் என்று மூன்றாவதையும் சொன்னதுதான் தாமதம்.

"வோல்து" என்றாள் சவுரியம்மாள், தெருவுக்கே கேட்கும்படி.

யார் அது என்று டோனா லூர்தெஸ் கேட்டாள். அதற்குள் சவுரியம்மாள் முகத்தைப் போனுக்குள் நுழைத்து, "வோல்து, வோல்து" என்று இரண்டு முறை சொல்லிக் கும்பிட்டும் முடித்திருந்தாள். எல்லாம் போச்சு என்று ஜெசிந்தாவுக்குக் கண்ணைக் கட்டியது. எங்கள் ஊரில் போகிறேன் என்று சொன்னால் திரும்ப மாட்டார்கள் என்று பயம், அதனால் அப்படிச் சொல்கிறோம் என்று விளக்க வேண்டும். பயத்துக்கும் வழக்கத்துக்கும் இன்னும் பாடம் வரவில்லை. அவளுக்குச் சரளமாக வந்தது அந்த 'வா' ஒன்றுதான்.

அதையே பிடித்துக்கொண்டு சொன்னாள். என் அப்பா லாரி ஓட்டுவார். தினமும் கிளம்பும்போது போய் வருகிறேன் என்பார். தினமும் வருவார்.

ஒவ்வொன்றையும் வா போட்டு முடித்தாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியது ஒரு வரிதான், அது வாயில் வரவில்லை. டோனா லூர்தெஸ் கண்ணாடியை எடுத்து மாட்டி, ஜெசிந்தாவுக்குப் பின்னால் சுவரில் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்த போட்டோவைப் பார்த்தாள். தேவசகாயம் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

பிறகு அந்த அம்மாள் மெதுவாகப் பேசினாள். அவள் மகன் லக்சம்பர்க்குக்கு வேலைக்குப் போனவன். வாசலில் நின்று வோ என்று மட்டும்தான் சொன்னானாம். ஞாயிறுதோறும் போன் செய்வான் என்றாள். கிறிஸ்துமஸுக்கு வருவான் என்றாள். அவளும் எல்லாவற்றையும் பழைய பழக்கமாக, வா போட்டே முடித்தாள். நடத்திய பாடம் என்பதால் ஜெசிந்தாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கடைசியில் நேராகவே கேட்டாள், தங்குவாயா?

"வோ ஃபிகார்" என்றாள் ஜெசிந்தா. தங்கப் போகிறேன். பக்கத்தில் அம்மா காத்திருந்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று, "இ வோல்து" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

டோனா லூர்தெஸ் சிரித்தாள். திரும்புவதென்றால் ஒரு மாதம் முன்னாடி சொல், அது போதும், வேலை உனக்குத்தான், ஈஸ்டர் முடிந்து வந்து சேர் என்றாள். போனை வைக்கப்போனவள் சவுரியம்மாளைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு கையசைத்து, "வோ... இ வோல்து" என்று சொல்லிவிட்டு மறைந்தாள்.

"நல்ல எடத்துப் பொம்பளதான்" என்றாள் சவுரியம்மாள். "சொல்லிட்டுப் போறா பாரு."

டைல்ஸ் கடைக்காரருக்கு யார் விஷயத்தைச் சொல்வது என்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். தேவசகாயம் தானே சொல்வதாக ஏற்றுக்கொண்டு, அந்தப் புண்ணியத்துக்கு இன்னும் இரண்டு துண்டு கறி கேட்டான். சவுரியம்மாள் முறத்தோடு எழுந்து உள்ளே போனாள். கறி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டாள்.

"எப்ப போற?"

அந்த வீட்டில் அந்த வார்த்தை அப்படி மொட்டையாக ஒலித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. சொன்னவளுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. ஜெசிந்தா எழுந்து அடுப்படி வாசல் வரை போய் நின்றாள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் போயிட்டு வர்றேம்மா" என்றாள்.