ஒன்பது அங்குலச் சாய்வு

பொம்மிடியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அன்பரசி நான்கு மாதமாக இங்கிலாந்துக் கிராமத்து மதுவிடுதி, பழைய பப் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். பெங்களூரில் உள்ள வரைபட நிறுவனத்தின் வேலை. அம்மா சாலம்மாள் பக்கவாதத்தில் படுத்த பிறகு, வீட்டிலிருந்தே பார்க்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

நானூறு வருடக் கட்டடம். ஓக் மரச் சட்டங்களை மர முளையடித்துப் பூட்டி, இடையில் குச்சி பின்னி, மண்ணும் சாணமும் குழைத்து அப்பிய சுவர்கள். குளிர்காயும் அடுப்புக்குள் ஓர் ஆள் நிற்கலாம். ஒரு சட்டம்கூட நேராக இல்லை. இருந்த வளைவையெல்லாம் அப்படியே வரைந்தாள்.

"சாராயக் கடைக்கா இத்தன நாளா படம் போடுற?" என்றாள் சாலம்மாள்.

"நம்மூரு கடை மாதிரி இல்லம்மா. குடும்பத்தோட வந்து உக்காந்து சாப்புடற எடம். பழுது பாக்கத்தான் வரையறோம்."

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

தெருப்பக்கச் சுவர் ஒன்பது அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. கோப்புகளைத் துழாவியபோது பதினோரு வருடத்துக்கு முந்தைய லேசர் அளவு அகப்பட்டது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட நகரவில்லை. சந்தோஷத்தில் மேனேஜர் அர்ச்சுனனை அழைத்தாள்.

"சார், செவுரு கெட்டியா நிக்குதுங்க."

"அந்தப் பழைய ஃபைல எடுத்துருங்க அன்பரசி. கிளையண்ட் அங்க ஃபிளாட் கட்டறார். சாய்வ மட்டும் காட்டுனா ஆபத்துன்னு சொல்லி இடிக்க அனுமதி வாங்கிருவார்."

"பொய்யாயிருமேங்க சார்."

"ஒன்பது அங்குலம் நெசந்தானே? முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டு வந்தாள். பிறகு அந்தப் பழைய அளவுக் கோப்பை அழித்தாள்.

பங்குனியில் அந்த ஊர்க்காரர்களின் இணையப் பக்கத்தில் வீடியோ வந்தது. சட்டங்கள் லேசில் பிரியவில்லை. இடிக்க மூன்று நாளானது. மழைக்கோட்டுடன் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சுவர் நகரவே இல்லை, எனக்குத் தெரியும் என்று அன்பரசி அதன் கீழே எழுதினாள்.

ஒரு பெண் மட்டும் பதில் போட்டிருந்தாள்: "அப்போதே ஏன் சொல்லவில்லை?"

அன்பரசி பலமுறை எழுதி எழுதி அழித்தாள். மறுநாள் ஒரு பழைய மாவு ஆலையின் கோப்பு வந்தது. எதற்கு என்று கேட்காமல் வரையத் தொடங்கினாள்.