பாலம் தாண்டும் வரை

கண்ணாடித் தட்டில் ரத்தத் துளி மணல் மணலாகத் திரண்டதும் மலேசிய அரசின் ‘டத்தோ’ பட்டம் வாங்கிய பேராசிரியர் சாத்தப்பன் கைதட்டினார். ஆய்வுக்கூடத்தில் இருந்த மற்றவர்களும் தட்ட வேண்டியதாயிற்று. சிறுநீர்த் தொற்றுக் கிருமியின் மேல் மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவற்றால்தான் அது சிறுநீர்ப் பாதையைப் பற்றிக்கொள்கிறது. அந்த இழைக்கான மரபணுவை வெட்டி, ஒரு சாதுக் கிருமிக்குள் ஒட்டியிருந்தான் அவருடைய ஆய்வு மாணவன் ஹேமநாதன். சாதுவும் இப்போது பற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. ரத்த அணுக்களைப் பிடித்துத் திரட்டியது அதுதான். இனி இழையை முடக்க மருந்து செய்துவிடலாம், மனிதகுலத்தின் சிறுநீர்ப்பைக்கு விடுதலை என்று அறிவித்தார் டத்தோ. அதைக் கொண்டாடும் பேனரில் தன் படம் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் மட்டும்தான் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

அன்று மாலை, மலேசியக் கரையில் கெலாங் பாத்தா வீட்டில், ஹேமநாதனின் அம்மா புஷ்பவள்ளிக்கு மறுபடியும் காய்ச்சல். அதே கிருமிதான், அடிக்கடி வரும். விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி, கடல் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் அவளுக்கு வேலை. மகன் கிளினிக்குக்குக் கூப்பிட்டான். லீவு கிடைக்காது, பனடோல் மாத்திரை போதும் என்றாள். ஹேமநாதன் சாப்பாட்டு மேசையில் இழைகளைப் படம் போட்டே விளக்கினான். நிறையத் தண்ணீர் குடித்தால் பாதிக் கிருமியை அதுவே அடித்துக்கொண்டு போய்விடும் என்றான். குரலில் டத்தோவின் சாயல் கொஞ்சம் ஏறியிருந்தது.

அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"குடிச்சிட்டு? ஜாம்ல பஸ்ஸு பாலத்து மேலயே நிக்கும் லா. எங்கடா எறங்குறது, கடல்லயா?"

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள்.

அந்த வாரமே தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, ரத்தத்தில் கலந்தது. ஆய்வுக்கூடத்தில் பேனர் மாட்டிய அன்று அவன் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்தான். அம்மா அங்கிருந்து திரும்பவில்லை. டத்தோ மலர்வளையம் அனுப்பினார். அதில் அம்மாவின் பெயரைவிட அவர் துறையின் பெயர் பெரிதாக இருந்தது.

கருமாதியன்று, அம்மாவோடு பஸ்ஸில் போய்வந்த பெண்கள் அந்த வாரம் மாறியிருந்த மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் சீருடையோடு வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ஹேமநாதன் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். யாரும் தொடவில்லை. அவர்களில் மூத்தவளான பிரேமலாவின் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"குடிங்கக்கா."

அவன் முகத்துக்காக அவள் டம்ளரை எடுத்தாள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு கீழே வைத்தாள்.

"போதும் தம்பி. பாலம் தாண்டணும்."

மற்றவர்களும் அப்படியே நனைத்துக்கொண்டு எழுந்தார்கள். பாயைச் சுற்றி டம்ளர்கள் நிறைந்தபடியே இருந்தன. மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற, ஒவ்வொன்றிலும் தண்ணீர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.