முழு முட்டை

"முட்டை வேணும் ஐயா. பிள்ளைக்கு ஒன்னு. முழுசா."

கேட்டே விட்டாள் பாக்கியலெட்சுமி. உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேள், அந்த வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவள் அம்மா ஆறாயி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு இன்னொரு பஸ். இரண்டிலும் மகளின் காதருகே இதே பாட்டுத்தான். மகள் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. அப்போதே ஆறாயிக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சோபாவில் சாய்ந்திருந்த வள்ளியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேப்பரை மடித்து வைத்தார். தலைக்கு மேலே சுவரில் மாலை போட்ட முருகன் படம். அவர் மனைவி நாச்சம்மை ஆச்சி கையிலிருந்த பூச்சரத்தைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, இந்தப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தாள். கடற்கரை ரயில் ஒன்று வீட்டுச் சன்னல்களை உலுக்கிவிட்டுப் போனது. 

வள்ளியப்பன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வேலை சுலபம்.

புறக்கோட்டையில் துணிக்கடை, செட்டியார் தெருவில் நகை அடகுக்கடை. அவர் அப்பா காலத்தில் கொட்டாஞ்சேனையில் கட்டிய மடத்துக்கு அடுத்த மதில்தான் பாடசாலை. அந்த மடத்து அடுப்பில் தினமும் விடியற்காலை இட்லி அவியும். மணி அடிக்கும் முன் பிள்ளைகள் மடத்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் பிள்ளை, புறக்கோட்டையில் வண்டி இழுக்கிறவன் பிள்ளை, வீட்டு வேலைக்குப் போகிறவள் பிள்ளை. இராமர் என்ற மூட்டைக்காரனுக்கும் அந்த அடுப்படியில் சமைத்துச் சமைத்து வெந்த ஆறாயிக்கும் பிறந்த பாக்கியலெட்சுமியும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து தின்று வளர்ந்தவள்தான்.

செட்டியார் குடும்பம் இதைத் தர்மம் என்று சொல்லாது. மகேஸ்வர பூசை என்றுதான் சொல்லும். இலைக்கு முன்னால் உட்காருகிறவன் யாராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவன் சிவன். சிவனிடம் அளவு பார்க்கக்கூடாது. அவன் வாயால் 'போதும்' என்று சொல்லும்வரை இலையில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அதுதான் வழக்கம். வெள்ளிக்கிழமைகளில் வள்ளியப்பனே வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்குவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் குனிந்து கேட்பார். ஒவ்வொன்றும் போதும் ஐயா என்று சொல்லும். மனசு நிறைந்து காரில் ஏறுவார். அந்த நிறைவு பொய்யில்லை.

பாக்கியலெட்சுமி பேராதனையில் உணவு விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கி வந்தபோது அவள் குடியிருந்த ஒழுங்கையே பட்டம் வாங்கினமாதிரி இருந்தது. ஆட்டோ ஓட்டுகிற கிளெமென்ற் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்து லைட் போஸ்டில் கட்டிவிட்டான். மழை வந்து மூக்குக் கரையும்வரை அது அங்கேயே கிடந்தது. இராமர் அந்தப் போஸ்ட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையில் மூட்டை இருந்தாலும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். வள்ளியப்பனும் சந்தோஷப்பட்டார். வேறெங்கும் போகவேண்டாம், நம் மடத்துச் சாப்பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று உத்தியோகம் கொடுத்தார்.

பார்த்தாள். பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு எரிந்தது.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருஷத்துக்குப் பிறகு, பிள்ளைகள் சிற்றுண்டிப் பெட்டி கொண்டுவருவது நின்றுவிட்டது. மடத்துக்கு வருகிற தலைகள் கூடின. காலைப் பிரார்த்தனையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்ற இடத்திலேயே சரிந்தாள். மருத்துவ மாது வந்து எல்லோரையும் நிறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் வயசுக்குப் பாதியாக இருக்கிறார்கள், நீ என்ன படித்தாய் என்று பாக்கியலெட்சுமியின் முகத்துக்கு நேரே கேட்டாள். பருப்பைக் கூட்டச் சொன்னாள் பாக்கியலெட்சுமி. வள்ளியப்பன் மறுக்காமல் கூட்டினார். ஆனால் சாம்பாரின் குணம் வேறு. பத்துத் தலை கூடினால் பத்துச் செம்பு தண்ணீர். ஆறாயி களவு செய்யவில்லை. வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாத எந்தச் சமையல்காரியும் செய்வதைத்தான் செய்தாள். சாம்பார் எல்லோருக்கும் இடம் கொடுக்கும். முட்டை கொடுக்காது. முட்டையில் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால்தான் அவளுக்கு முட்டை வேண்டியிருந்தது.

இதையெல்லாம் அவள் வள்ளியப்பனுக்குச் சொன்னாள். சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, மடத்து அடுப்பில் முட்டையா என்று மட்டும் கேட்டார்.

மடத்து அடுப்பு வேண்டாம் என்றாள். பாடசாலைக்கு எதிரே நேசம் அக்காவின் வீடு இருக்கிறது. அவள் அடுப்பு, அவள் சட்டி, அவள் தண்ணீர். வாரத்தில் மூன்று நாள் அவித்துப் பாடசாலை வாசலில் கொடுத்துவிடலாம். மடத்துப் பாத்திரம் ஒன்றுகூட அதைத் தொடாது. முட்டையை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதும்.

வள்ளியப்பன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். ஒரே வயிற்றுக்குள் முருகனுடைய இட்லியும் முட்டையும் போகும். அதற்கு மடத்து வாசலில் அப்பா பெயர் போட்ட போர்டு காவல் நிற்கும். செட்டியார் தெருவில் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது என்றார்.

உள்ளேயிருந்து தாளிக்கிற வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறாயி இந்த வீட்டுக்குச் சமைக்க வருவாள். இன்றைக்கு முட்டைக் குழம்பு.

"உங்க வீட்டு அடுப்புல இப்ப என்ன கொதிக்குதுன்னு எனக்கும் தெரியும் ஐயா. அம்மாதான் உரிச்சுப் போட்டாங்க."

நாச்சம்மை ஆச்சியின் முகம் சிவந்தது. வள்ளியப்பன் கோபப்படவில்லை.

"வீடு வேற, மடம் வேற, லெட்சுமி. வீட்டுல திங்கிறது என் நாக்குக்கு. மடத்துல ஆக்குறது அவருக்கு." மேலே படத்தைக் காட்டினார். "அதுல நான் கை வைக்க முடியாது."

அந்தப் பதிலை அவளால் வெறுக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. படிக்க வைத்தால் நாக்கு நீளும் என்று அப்போதே சொன்னேன் என்று பூச்சரத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு அவளை நேராகப் பார்த்தாள்.

"உன் பட்டமளிப்புக்குக் கட்டுன பட்டுச்சேலை யார் குடுத்தது?"

"நீங்கதான் ஆச்சி. நல்ல சேலை. இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். அதுக்காகப் பிள்ளைங்க வயித்தை உங்ககிட்ட அடகு வைக்க முடியாது."

அடகு என்ற சொல் அந்த வீட்டில் விழக்கூடாத இடத்தில் விழுந்தது. வள்ளியப்பன் எழுந்து நின்றார். குரல் முதல்தடவையாகக் கொஞ்சம் கனத்தது. பசி என்று சொல்கிறாயே, எத்தனை வருஷமாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் குனிந்து நடக்கிறேன். ஒரு பிள்ளையைக்கூடக் கேட்காமல் தாண்டியதில்லை. ஒரு பிள்ளையாவது இன்னும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்று கேட்டார்.

"எல்லாம் போதும்னுதானே சொல்லுது? நீயும் அப்படித்தானே சொன்னே?"

"சொன்னேன். பொய் ஐயா அது."



"எங்க வீடுகள்ல பிள்ளை நடக்கத் தொடங்கினதும் அதைத்தான் சொல்லிக் குடுக்கிறது. செட்டியார் கேட்டா ரெண்டாவது இட்லியோட போதும்னு சொல்லணும். வயிறு நிறையலேன்னாலும் சொல்லணும். நாங்க பிச்சைக்காரங்க இல்லன்னு காட்டணும்ல. நீங்க எங்களச் சிவன்னு நினைச்சுக் கேட்டீங்க. நாங்க மானம் போயிரும்னு பயந்து பதில் சொன்னோம்."

வள்ளியப்பன் அவளை நம்பவில்லை. நம்பினால் எத்தனை வெள்ளிக்கிழமைகள் கையை விட்டுப் போகும். அவர் உள்பக்கம் திரும்பி ஆறாயியைக் கூப்பிட்டார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் வந்து கதவோரம் நின்றாள். உன் மகள் இப்படிச் சொல்கிறாள், உண்மையா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது அவர் முகம்.

ஆறாயி மகளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க ஐயா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க ஆத்தா எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு." பிறகு என்ன நினைத்தாளோ, தலையை நிமிர்த்தினாள். "இவகிட்டயும் முட்டை கேக்காதேன்னுதான் சொன்னேன். கேட்டுட்டா. கேட்டது கேட்டதுதான்."

கடைசி வார்த்தையை அவள் சொன்ன விதம் மன்னிப்புக் கேட்கிற விதமாக இல்லை. லைட் போஸ்டுக்குக் கீழே நின்று படத்தைப் பார்க்கிற இராமரின் விதமாக இருந்தது.

வள்ளியப்பன் உட்கார்ந்துவிட்டார்.  பேசியபோது பசியைப் பற்றிப் பேசவில்லை. சாமி சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் இத்தனை காலமும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அவருக்கு வலித்த இடம் அது. ஆனாலும் மனுஷன் கைவிடவில்லை. இட்லியைக் கூட்டுவோம், கடலை அவிப்போம், வெள்ளிக்கிழமை பால் கொடுப்போம் என்றார். இனிக் கேட்காமலே போடச் சொல்கிறேன் என்றார். கல்கிசையில் தொடங்கப்போகிற சமையல்கூடத்தையும் சேர்த்து நீயே பொறுப்பாகப் பார், உனக்கு ஒரு உதவியாளும் வைத்துத் தருகிறேன் என்றார். முட்டைப் பேச்சை மட்டும் இன்றோடு விட்டுவிட வேண்டும். அந்தப் பாடசாலை வாசலுக்கு யார் பேரில் முட்டை வந்தாலும் மறுநாள் மடத்து அடுப்பு எரியாது.

இது மிரட்டல் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டு வழக்கத்தைச் சொல்கிற தொனிதான் அதில் இருந்தது.

பாக்கியலெட்சுமி மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தாள். பிறகு, தான் இங்கே அனுமதி கேட்க வரவில்லை என்றாள். உப்புத் தின்ற வீடு, முதலில் அவர்களிடம் கேட்காமல் செய்தால் மரியாதையில்லை என்று ஒழுங்கையில் எல்லோரும் சொன்னதால் வந்தாள். சரி என்றிருந்தால் சேர்ந்து செய்திருப்பார்கள். இல்லை என்றால் என்ன செய்வது என்பதை நேற்றே நேசத்தின் முற்றத்தில் கூடித் தீர்த்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தைச் சொல்லும்போது அவள் குரல் தானாக நிமிர்ந்தது. மடத்து முற்றத்தில் 'போதும்' சொல்லி எழுந்து போனவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கிறவன், ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருக்கிறவள், கடைகளில் நிற்கிற பெண்கள், ஆட்டோ ஸ்டாண்டுப் பெடியன்கள். முட்டைக் காசுக்கு ஆளுக்கொரு நாளை எடுத்துக்கொண்டார்கள். சந்தியில் முட்டைக்கடை வைத்திருக்கிற ஸமீமா, வாங்கின விலைக்கே தருவேன், லாபம் வைப்பேனா, என் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது என்றாள். முட்டை உடையாமல் கொண்டுவருவது என் பொறுப்பு என்று கிளெமென்ற் சொன்னான். நீ ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஒம்லெட்தான் வந்துசேரும் என்று யாரோ சொல்ல, முற்றமே சிரித்தது. நேசம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "முட்டை அவிக்கத் தெரியாத கிறிஸ்தவச்சி கொட்டாஞ்சேனையில இருக்கிறாளோடி? நீ பிள்ளையளக் கூட்டிக்கொண்டு வா. மிச்சத்த என்ர அடுப்பு பாத்துக்கொள்ளும்." பாடசாலை அதிபரும் தலையாட்டிவிட்டார். முட்டையோடு பேக்கரிப் பாணும் பருப்பும். யாருக்காவது வீட்டில் விரதம் என்றால் கடலை. எந்தப் பிள்ளையிடமும் யாரும் போதுமா என்று குனிந்து கேட்கப்போவதில்லை.

"உங்க இட்லிய நிறுத்தாதீங்க ஐயா. நல்ல இட்லி. நான் அதுல வளந்தவ. ஆனா நீங்க நிறுத்தினாலும் பிள்ளைங்க பட்டினி கிடக்காதுங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"அப்ப உன் உத்தியோகம்?" என்றார் வள்ளியப்பன்.

"விட்டுட்டேன் ஐயா."

 ஆச்சி பூச்சரத்தை மறுபடி எடுத்தாள், ஆனால் கட்டவில்லை. மகளுடைய வேலையோடு தன் வேலையும் போகலாம் என்று ஆறாயிக்குத் தெரியும். இந்த வீட்டில் யாருக்கும் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் குழம்பை இறக்கவேண்டும் என்று உள்ளே திரும்பினாள். இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"ஏடி, நேசத்து அடுப்புல நம்ம பெரிய சட்டி ஏறுமா?"

"கல்லு மாத்தி வச்சா ஏறும்மா."

"அப்ப இன்னைக்கே கல்லுக்கு ஆள் புடி. இங்க வேலை முடிச்சிட்டு நான் நேரா அங்கயே வந்துர்றேன்."

சமையலறைக்குள் போய்விட்டாள். கரண்டிச் சத்தம் கேட்டது.

பாக்கியலெட்சுமி வள்ளியப்பனைக் கும்பிட்டாள். அதில் குறைவைக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கேற்றைத் திறந்து வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் காலி வீதியை நோக்கி நடந்தாள். நடந்துகொண்டே போனை எடுத்து ஸமீமாவுக்கு அடித்து, நாளைக்கே தொடங்குகிறோம், நல்ல பெரிய முட்டையாக எடுத்து வை என்றாள்.