கேட்டால், தெரியாது

ஆரபியின் பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை தவறாமல் பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். குளிர்காலம் முழுக்க ஒரே பல்லவிதான்: கையுறை கொடுத்துவிடுங்கள், தொப்பி கொடுத்துவிடுங்கள், மாற்றுக் காலுறை கொடுத்துவிடுங்கள். ஏப்ரல் பிறந்ததும் பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிடும். பனிச் சப்பாத்தை விட்டு மழைச் சப்பாத்துக்கு மாறுங்கள், பனி உருகிய மைதானத்தில் கண்டெடுத்த ஒற்றைக் கையுறைகள் வாசல் மேசையில் குவிந்து கிடக்கின்றன, வந்து பொறுக்கிக்கொண்டு போங்கள், பிள்ளையின் பையில் பெயரை எழுதிவிடுங்கள் என்று புத்திமதி வந்துகொண்டே இருக்கும். பிரெஞ்சில் வருவதை ஆரபியின் அம்மா நிரோஜா கைபேசியிலேயே தமிழாக்கிப் படிப்பாள். அந்தத் தமிழைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு படிப்புப் படித்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியிலும் மழைச் சப்பாத்து இருந்தது, ஒற்றைக் கையுறை இருந்தது. அவற்றுக்குக் கீழே இருந்ததைத்தான் நிரோஜா இரண்டு தரம் படித்தாள். வகுப்புகள் வெளியே சுற்றுலா போகத் தொடங்கும் காலம் இது. உங்கள் பிள்ளைக்குத் தன் முழுப்பெயரும் வீட்டு முகவரியும் உங்கள் தொலைபேசி எண்ணும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். வழி தவறினால் பொலிஸ்காரரிடம் போய் இவற்றைச் சொல்லப் பழக்குங்கள்.

நிரோஜா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குக் கீழே இன்னும் ஒரு செய்தி இருந்தது. திருத்த வேலைக்காகப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்னக் கதவைப் பூட்டுகிறோம், திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகள் மைதான வாசலால் வெளியே வருவார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அதை அவள் படிக்கவில்லை.

"என்னப்பா, முகம் கறுத்துப் போச்சு?" என்றான் ரதீசன். அவள் புருஷன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. நகரத்தின் மறு அந்தத்திலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெற்றோவும் பிடித்து செயின்ட்-மிஷேலுக்கு வந்து சேர்வதற்குள் ஆளுக்குப் பாதி உயிர் போய்விடும்.

அவள் சொன்னாள். அவன் இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி, "நல்லதுதானே. சொல்லிக் குடும்" என்றான்.

"பொலிசிட்டப் போய் எங்கட பேரையும் வீட்டையும் சொல்லச் சொல்லியே?"

"இது கனடா, நிரோஜா."

"அது எனக்குத் தெரியும்."

தெரியும்தான். ஆனால் தெரிந்தது தலைக்கு மட்டும், வயிற்றுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. யாழ்ப்பாணத்தை இலங்கை ஆமி பிடித்த வருஷம் அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. வாசல் படலையில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் தம்பிக்கு பிஸ்கட் கொடுத்து, தலையைத் தடவி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நல்ல சிரித்த முகம். தம்பியும் சிரித்துக்கொண்டே, "சின்னமாமா உள்ளுக்குப் படுத்திருக்கிறார்" என்றான். மாமாவை வெளியே கூட்டிவந்து, "இதுதான் மாமாவா?" என்று கேட்டார்கள். தம்பி தலையாட்டினான். மாமா திரும்பி வரவேயில்லை. வீட்டில் ஒருவரும் தம்பியை ஏசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பாடம்தான்.

அந்தப் பாடத்தை நிரோஜா மொன்றியலுக்கும் கொண்டுவந்திருந்தாள். ஆரபிக்கு ஏழு வயது. பால் குடிப்பதற்கும் பல் தீட்டுவதற்கும் பழக்கியது போல இதற்கும் பழக்கியிருந்தாள். மற்றத் தாய்மார் பெருக்கல் வாய்ப்பாடு கேட்பார்கள், இவள் இதைக் கேட்பாள். சுற்றுலா என்ற சொல்லைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் தலையை வாரிப் பின்னும்போது மறுபடி தொடங்கினாள்.

"யூனிபோம் போட்ட ஆக்கள் வந்து உன்ர பேர் என்ன எண்டு கேட்டா?"

"தெரியாது."

"வீடு எங்க?"

"தெரியாது."

"பேர் சொல்லிக் கூப்பிட்டா?"

"திரும்பிப் பாக்கமாட்டன். ஒளிச்சிடுவன்."

"ஆரையும் கொண்டுவந்து காட்டி, இது ஆர் எண்டு கேட்டா?"

"தெரியாது." ஆரபி திரும்பித் தாயைப் பார்த்தாள். "சொன்னா என்ன செய்வினம், அம்மா?"

"கொண்டு போயிடுவினம்."

"என்னையோ?"

"என்னை," என்றாள் நிரோஜா. பிள்ளை தலை பின்னி முடியும்வரை அசையாமல் இருந்தாள்.

திங்கட்கிழமை பேக்கரியில் பாண் அடுக்கும் வேலை முடிந்து, நிரோஜா வழக்கம்போலப் பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சின்னக் கதவுக்கு முன்னால் நின்றாள். தெருவோரத்தில் கடைசிப் பனி கறுத்த ஊத்தையாகக் கிடந்தது. மணி அடித்தது. கதவு திறக்கவில்லை. வேறு ஒரு தாயையோ தகப்பனையோ காணவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவில் ஒட்டியிருந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி ஓடினாள்.

மைதானத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நிரோஜாவைக் கண்டதும் ஆரபியின் ஆசிரியை மதாம் லூசியின் சிரித்த முகம் மாறியது.

"நீங்கள் இப்போதுதான் வருகிறீர்களா? ஆரபி போய்விட்டாளே. அங்கே அம்மா நிற்கிறாள் என்று வாசலைக் காட்டினாள். கறுப்பு மேலங்கி போட்ட ஒரு பெண் நின்றார். நீங்கள் என்று நினைத்தேன்."

ஏப்ரலில் மொன்றியலில் பாதிப் பெண்கள் கறுப்பு மேலங்கிதான் போடுவார்கள். நிரோஜா வாசலுக்கு ஓடினாள், தெருமுனைக்கு ஓடினாள். அங்கே இருந்த தெப்பனேர்ப் பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டாள், அவர் உதட்டைப் பிதுக்கினார். பூங்காவில் ஊஞ்சல்கள் நனைந்து தொங்கின, ஒரு குஞ்சு குருமான் இல்லை. "ஆரபி, ஆரபி" என்று கத்திக்கொண்டு பஸ் தரிப்புவரை போய்த் திரும்பினாள். கால் தன்பாட்டில் ஓடியது. பிள்ளை இல்லை.

பள்ளிக்கூட அலுவலகத்தில் செயலாளர் பொலிசுக்கு அறிவித்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்து, நிரோஜாவின் கையைப் பிடித்தார்.

"பயப்படாதீர்கள். அம்மாவைத் தேடி எங்கேயோ நடந்திருப்பாள். யாராவது கேட்டால் பேரையும் நம்பரையும் சொல்லிவிடுவாள். சொல்லத் தெரியும்தானே?"

நிரோஜா கையை விடுவித்துத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். அந்தக் கேள்விக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் பதில் தெரியும்.

வந்தது ஒரு பெண் பொலிஸ். இளம் வயது, கட்டைக் குடுமி, இடுப்பில் துவக்கு. உடுப்பைக் கண்டதுமே நிரோஜாவின் கை மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டது. பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டபோது நிரோஜா மதாம் லூசியைத் திரும்பிப் பார்த்தாள். மதாம் லூசி பெயரைச் சொன்னார். மேலங்கியின் நிறத்தைச் சொன்னார், ஊதா. பையின் நிறத்தையும் அவரே சொன்னார், மஞ்சள்.

"எங்கள் ஆட்கள் தெருத் தெருவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போகிறார்கள்" என்றாள் பொலிஸ்காரி. "இந்த வயதுப் பிள்ளைகள் எங்களைக் கண்டால் தாங்களே ஓடிவருவார்கள்."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் கேட்டதெல்லாம் நிரோஜாவின் நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யூனிபோம் போட்டுக்கொண்டு கூப்பிடுகிறார்கள். அவர்கள் தேடத் தேட அவள் பிள்ளை ஒளிப்பாள். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிப்பாள், கராஜுக்குள் ஒளிப்பாள், கூப்பிடும் சத்தம் கிட்ட வந்தால் குறுக்குமறுக்காகத் தெருவுக்குள் ஓடுவாள். செயின்ட்-மிஷேல் பெருந்தெருவில் இந்த நேரத்துக்குக் கார்கள் எப்படிப் பறக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளை போய்விடும். வாயைத் திறந்தால், பிள்ளைக்கு இப்படியெல்லாம் பழக்கும் தாய் எப்படிப்பட்டவள் என்று கேட்பார்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அலுவலகம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பிரெஞ்சு படிக்கும் முன்னமே தமிழ்ச் சனம் படித்துவைத்திருந்தது.

"அவள் வரமாட்டாள்" என்றாள் நிரோஜா தன் ஒடிந்த பிரெஞ்சில்.

"யார் வரமாட்டாள்?"

"என் மகள். கூப்பிட்டால் ஒளிப்பாள். பெயர் சொல்லமாட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன். பொலிசுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

 பொலிஸ்காரி அவளை உற்றுப் பார்த்தாள். ஏன் என்று கேட்டாள். சின்னமாமாவைப் பிரெஞ்சில் சொல்ல நிரோஜாவிடம் சொல் இருக்கவில்லை. இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள். பொலிஸ்காரி எழுந்து வெளியே போய் வானொலியில் யாரோடோ வேகமாகக் கதைத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்றது மட்டும் நிரோஜாவுக்கு விளங்கியது.

அதற்குள் செய்தி தெரிந்து ரதீசன் போன் எடுத்தான். யாரோ வேலையிடத்து ஆளின் காரில் வருகிறானாம், நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்கி நிற்கின்றனவாம். "அழாதையும், நான் வாறன்" என்று அவன்தான் அழுதான். நிரோஜாவுக்கு அழுகை வரவில்லை. ஊதா மேலங்கி கண்ணுக்குள்ளேயே நின்றது. தெருவில் அது எப்படிக் கிடக்கும் என்று மனம் படம் போட்டுக் காட்டியது. கண்ணை மூடினாலும் காட்டியது.

வெளிச்சம் மங்கும்போது பொலிஸ்காரி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மெற்றோ நிலையத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள், ஊதா மேலங்கி, காயம் ஒன்றுமில்லை. ஆனால் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை. வாய் திறக்கிறாள் இல்லை. பை இருக்கிறது, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், எழும்பச் சொன்னால் எழும்புகிறாள் இல்லை. நீங்கள் வந்து பாருங்கள்.

பையில் கொட்டை எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. பள்ளிக்கூடம் எழுதச் சொல்லி நிரோஜாதான் எழுதினாள்.

பொலிஸ் காரின் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மகள்தான், வேறு யாராக இருக்க முடியும் என்று தன்னைத்தானே தேற்றினாள். அம்மா பேக்கரியிலிருந்து வரும் வழி மெற்றோ வழி என்று பிள்ளைக்குத் தெரியும், அங்கேதான் போயிருப்பாள். தேற்றியது ஒரு நொடிதான் நின்றது, மறுபடி பயம் வந்து ஏறிக்கொண்டது.

நிலையத்தின் உள்ளே, நுழைவுச்சீட்டு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு. இரண்டு பக்கமும் இரண்டு பொலிஸ்காரர்கள் குந்தியிருந்தார்கள். நடுவில் ஆரபி. உயிரோடு, முழுசாக, சப்பாத்தில் சேறோடு. நிரோஜாவுக்குப் போன உயிர் வந்தது. ஓடப் போனாள். படியில் சறுக்கிவிடுவாள் என்று பொலிஸ்காரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆரபி நிமிர்ந்து பார்த்தாள். தாயைப் பார்த்தாள், தாயின் கையைப் பிடித்திருந்த யூனிபோமைப் பார்த்தாள். அந்தச் சின்ன முகத்தில் எழும்பிய சந்தோஷம் அப்படியே அணைந்தது.

"இது உன் அம்மாவா?" என்று குந்தியிருந்த பொலிஸ்காரர் பிரெஞ்சில் கேட்டார். நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆரபி தாயை நேருக்கு நேர் பார்த்தபடி, அழகான, பிசகாத பிரெஞ்சில் பதில் சொன்னாள்.

"இல்லை. இவ ஆர் எண்டு எனக்குத் தெரியாது" என்று நிரோஜாவின் காதில் அது தமிழாகவே விழுந்தது.

முழங்கையைப் பிடித்திருந்த கை இறுகியது. சிரித்த மனுஷன் எழுந்து நின்று நிரோஜாவை வேறு கண்ணால் பார்த்தார். மகளே என்று அவள் கூப்பிட்டாள். பிள்ளை அசையவில்லை, உதட்டை மட்டும் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. இந்தக் காரியத்தை எவ்வளவு நன்றாகப் படிப்பித்திருக்கிறேன் என்று நிரோஜாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அதைப் பிள்ளையிடமிருந்து திரும்ப வாங்க அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான். 

பிடித்திருந்த கையை உதறவில்லை. அப்படியே நின்று, அந்த உடுப்பைப் பார்த்து, பிள்ளைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"என் பெயர் நிரோஜா. நிரோஜா ரதீசன். இது என் மகள் ஆரபி." அதோடு நிறுத்தவில்லை. தெருப் பெயரைச் சொன்னாள், வீட்டு இலக்கத்தைச் சொன்னாள், எத்தனையாம் மாடி என்று சொன்னாள். புருஷன் எங்கே வேலை செய்கிறான் என்று சொன்னாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆரபி வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கடைசியில் தாங்கமாட்டாமல் வாங்கிலிருந்து குதித்து ஓடிவந்து, தாய்க்கும் பொலிசுக்கும் நடுவில் புகுந்து, இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனம்மா சொன்னனீங்கள்?" என்று தமிழில் அழுதாள். "நான் ஒண்டுமே சொல்லேல்லையே. இப்ப உங்களைக் கொண்டு போகப் போயினம்."